தேதி ஒன்று, நாள் வேறு: வாசகர் கேள்வி - பதில்

ஒரே தேதியில் நிகழ்ந்த வரலாற்று நிகழ்வுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கம், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2005 ஜூலை 26 மும்பை வெள்ளம், 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். 26 நம் நாட்டுக்கு ஆகாத தேதி என்று வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. இதில் உண்மை உண்டா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நான்கு தேதிகளும் சரியானவைதான். பூஜ் நிலநடுக்கம் குடியரசு தினக் காலை 8.46க்கு. சுமத்ரா கடலடியில் பூமி அதிர்ந்தபோது நம் நேரம் காலை 6.28. மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 944 மில்லிமீட்டர். தேதிகளில் பிழை இல்லை. அவற்றைப் பொறுக்கிய விதத்தில்தான் பிழை.

26ஐ விட்டுவிட்டு 23ஐ எடுத்துப் பாருங்கள். தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது 1964 டிசம்பர் 22 நள்ளிரவு தாண்டி, 23 பிறந்தபோது. ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் 329 பேரோடு அட்லாண்டிக் மேல் வெடித்துச் சிதறியது 1985 ஜூன் 23. ஹரியாணாவின் மண்டி டப்வாலியில் பள்ளி விழாப் பந்தல் எரிந்தது 1995 டிசம்பர் 23. ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபம் தீப்பிடித்தது 2004 ஜனவரி 23. இலங்கையின் கறுப்பு ஜூலை, 1983 ஜூலை 23 இரவில் தொடங்கிய சம்பவத்தின் தொடர்ச்சி. 26க்கு நான்கு என்றால் 23க்கு ஐந்து தேறுகிறது. ஆனாலும் 23ஐப் பற்றி யாரும் செய்தி அனுப்புவதில்லை. (இனிமேலும் அனுப்ப வேண்டாம்.)

மாதத்தில் சுமார் 30 தேதிகள். கடந்த அறுபது ஆண்டுகளில் நாட்டை உலுக்கிய துயரங்கள் என்று 100 எடுத்தால், தேதிக்குச் சராசரி மூன்றுக்கு மேல் வரும். அவை சமமாகப் பங்கிட்டது போல விழுவதில்லை. ஒரு தேதிக்கு ஒன்றுகூட வராது, இன்னொன்றில் ஆறேழு சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த தேதியைப் பார்த்துவிட்டு, பிறகு அதைச் சுற்றிக் கோடு கிழித்து "இது கெட்ட தேதி" என்பதுதான் இந்தச் செய்தியின் தந்திரம். நேர்மையான சோதனை வேண்டுமென்றால் பட்டியலைப் பார்க்கும் முன்பே தேதியைத் தீர்மானித்துவிட வேண்டும்.

உண்மையிலேயே திடுக்கிட வைக்கும் பொருத்தம் ஒன்றை அந்தச் செய்தி தவறவிடுகிறது. ஈரானின் பாம் நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது 2003 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 7.26. சரியாக ஓராண்டு நிறைய ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது சுமத்ரா நிலநடுக்கம். இரண்டு நாட்களும் முற்றிலும் உண்மை, இரண்டுக்கும் தொடர்பு முற்றிலும் இல்லை.

கேள்வி: மெக்சிகோவில் மட்டும் செப்டம்பர் 19 அன்று மூன்று முறை பெரிய நிலநடுக்கம் வந்ததே? அதையும் தற்செயல் என்பீர்களா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆம். 1985, 2017, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் செப்டம்பர் 19. முதல் நிலநடுக்கத்தின் தேதியை வைத்துக்கொண்டால், மற்ற இரண்டும் அதே தேதியில் விழும் வாய்ப்பு 365 பெருக்கல் 365, அதாவது 1,33,225ல் ஒன்று. எல்லாரும் சொல்லும் கணக்கு இது. ஆனால் இது இந்த மூன்றை மட்டுமே பார்க்கும் கணக்கு. மெக்சிகோவின் பசிபிக் கரை ஓயாமல் அதிரும் இடம். ஒரு நூற்றாண்டில் அங்கே பல பத்துப் பெரிய நிலநடுக்கங்கள். எந்த மூன்று வேண்டுமானாலும் எந்தத் தேதியில் வேண்டுமானாலும் சேரலாம் என்றால் கணக்கே மாறிவிடும். 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். மூவருக்கு ஒரே பிறந்தநாள் வேண்டுமென்றால் 88 பேர் போதும். 1,33,225க்கும் 88க்கும் உள்ள தூரத்தில்தான் நம் வியப்பு குடியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்வார்கள்: 2017ல் காலை 11 மணிக்கு நாடு முழுவதும் நிலநடுக்க ஒத்திகை, பிற்பகல் 1.14க்கு உண்மையான நிலநடுக்கம். 2022ல் 12.19க்கு ஒத்திகை, 1.05க்கு நிலநடுக்கம். இதைத் தனியொரு அதிசயமாகச் சேர்க்கக் கூடாது. 1985ன் நினைவாகத்தான் அந்த ஒத்திகை செப்டம்பர் 19ல் நடக்கிறது. தேதி பொருந்தினால் ஒத்திகை தானாகவே பொருந்தும்.

கேள்வி: ஜெர்மனிக்கு நவம்பர் 9 'விதியின் நாள்' என்கிறார்கள். ஏன் எல்லாம் ஒரே நாளில்?
- வாசகர், திருச்சி

பதில்: தேதிப் பொருத்தம் எத்தனை வகைப்படும் என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல தேதி கிடையாது. வரிசையாகப் பாருங்கள்.

1848: பிராங்க்பர்ட் நாடாளுமன்ற உறுப்பினர் ராபர்ட் புளூம், வியன்னா எழுச்சியில் பங்கேற்றதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1918: கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி துறந்ததாக அறிவிப்பு வந்தது. பெர்லினில் பிலிப் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசை அறிவித்தார். இரண்டு மணி நேரத்தில் கார்ல் லீப்னெக்ட் அரண்மனையிலிருந்து தம் சோஷலிசக் குடியரசை அறிவித்தார். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே பொருத்தம் தற்செயல்.

1923ல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. பீர்க்கூடத்தில் அது தொடங்கியது 8ஆம் தேதி இரவு. ஊர்வலம் போய்ப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சிதறியது 9ஆம் தேதி நண்பகல். அது தோற்ற நாளையே நாஜிகள் தங்கள் 'தியாகிகள் நாள்' ஆக்கிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் அதே தேதியில் கட்சித் தலைவர்கள் மியூனிக்கில் கூடினார்கள். இதைக் கவனிக்காவிட்டால் அடுத்தது புரியாது. 1938 நவம்பர் 7 அன்று பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி எர்ன்ஸ்ட் ஃபொம் ராத் 9ஆம் தேதி மாலை இறந்தார். செய்தி வந்தபோது தலைவர்கள் எல்லாரும் அந்த நினைவு விருந்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் அங்கேயே வெறியூட்டிப் பேசினார். அன்றிரவே நாடு முழுவதும் யூதர்களின் வழிபாட்டு இல்லங்கள் எரிந்தன, கடைகள் நொறுக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகவே 1923க்கும் 1938க்கும் உள்ளது தற்செயல் அல்ல. முதல் தேதி இரண்டாவதற்கு மேடை போட்டுக் கொடுத்தது.

1989ல் பெர்லின் சுவர் திறந்தது மறுபடி தற்செயல், அதுவும் ஒரு தடுமாற்றத்தால் வந்தது. கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதிகள் மறுநாள் 10ஆம் தேதி நடைமுறைக்கு வர வேண்டியவை. செய்தியாளர் கூட்டத்தில் கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷாபோவ்ஸ்கியிடம் "எப்போது முதல்?" என்று கேட்டார்கள். கையிலிருந்த தாளைப் புரட்டி, தமக்குத் தெரிந்தவரை உடனே, தாமதமின்றி என்று சொல்லிவிட்டார். அப்போது மாலை ஏழு மணி. இரவு 11.30 வாக்கில் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடி கூட்டத்தின் அழுத்தம் தாங்காமல் திறந்தது. அவர் தாளைச் சரியாகப் படித்திருந்தால் சுவர் திறந்த நாள் நவம்பர் 10 ஆகியிருக்கும்.

ஜெர்மனியின் தேசிய நாள் நவம்பர் 9 அல்ல, இணைப்பு நிகழ்ந்த அக்டோபர் 3. சுவர் திறந்த மகிழ்ச்சியை, யூதர் வீடுகள் எரிந்த அதே தேதியில் கொண்டாட முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது.

கேள்வி: வள்ளலார் சித்தி அடைந்ததும் காந்தியடிகள் சுடப்பட்டதும் ஜனவரி 30 என்று மேடைகளில் பேசுகிறார்கள். சரியா?
- வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: ஆங்கிலத் தேதியில் சரி. வள்ளலார் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்றது ஸ்ரீமுக ஆண்டு தை 19. அது 1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. காந்தியடிகள் சுடப்பட்டது 1948 ஜனவரி 30 மாலை 5.17. அதுவும் வெள்ளிக்கிழமை.

ஆனால் மூல ஆவணம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கணக்கிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். வள்ளலாரின் நாள் நமக்குக் கிடைப்பது 'தை 19' என்றுதான். தமிழ் மாதங்கள் சூரியன் ராசியில் நுழைவதை வைத்து நட்சத்திரப் பின்னணியில் கணக்கிடப்படுபவை. இப்படிக் கணக்கிடும் ஆண்டு ஆங்கில ஆண்டைவிட சுமார் 23 நிமிடம் நீளம். அறுபது, அறுபத்திரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் தள்ளிப்போகும். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இன்று பொங்கல் 14 அல்லது 15. 1874ல் தை பிறந்ததும் ஜனவரி 12தான், அதனால்தான் தை 19 ஜனவரி 30ல் விழுந்தது. 1948க்குள் தைப் பிறப்பு நகர்ந்துவிட்டதால், காந்தியடிகள் மறைந்த நாள் தை 19க்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. இப்போது தை 19 வருவது பிப்ரவரி 1 அல்லது 2ல். தமிழ்க் கணக்கில் இந்தப் பொருத்தம் இல்லை. மேடையில் பேசுகிறவர்கள் 'ஆங்கிலத் தேதிப்படி' என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டால் போதும்.

தை 19 ஒரு கணக்கு, தைப்பூசம் இன்னொரு கணக்கு. பூசம் நட்சத்திரத்தை ஒட்டியது, ஆண்டுக்கு ஆண்டு இரண்டு மூன்று வாரம்கூட மாறும். ராஜராஜ சோழனின் ஐப்பசிச் சதயமும், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் புஷ்ய பகுள பஞ்சமியும் (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள்) இப்படித்தான். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆராதனை அந்தத் தேதியைப் பின்பற்றுவதில்லை, திதியைப் பின்பற்றுகிறது.

இதே ஜனவரி 30ல் இங்கிலாந்தில் 1649ல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. 1661ல் அதே ஜனவரி 30ல், அந்த மரண தண்டனைக்குக் காரணமானவர்களில் ஒருவரான, இறந்து புதைக்கப்பட்டிருந்த ஆலிவர் கிராம்வெல்லின் உடலைத் தோண்டி எடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். இது பொருத்தமே அல்ல, சார்லஸின் மகன் தரப்பினர் தந்தையின் நினைவு நாளைத் தேர்ந்தெடுத்துத் தீர்த்த பழி. நம் ஊரிலும் தேதியைத் தேர்ந்தெடுத்தது உண்டு, நல்ல நோக்கத்தோடு. 1930 ஜனவரி 26 பூரண சுயராஜ்ய உறுதிமொழி எடுத்த நாள் என்பதால்தான் அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26ல் நடைமுறைக்கு வந்தது. பெரியாரின் பிறந்த நாளான செப்டம்பர் 17ல்தான் 1949ல் தி.மு.க. தொடங்கப்பட்டது.

கேள்வி: ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே நாளில் இறந்தார்கள், அதனால்தான் அது உலகப் புத்தக நாள் என்று நூலக விழாவில் கேட்டேன்.
- வாசகர், தென்காசி

பதில்: தேதி ஒன்று, நாள் ஒன்றல்ல. ஸ்பெயின் 1582லேயே புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து அப்போதும் பழைய ஜூலியன் நாட்காட்டியில். அன்று இரண்டுக்கும் வித்தியாசம் 10 நாள். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23, மாட்ரிட்டில் மே 3. செர்வாண்டிசோ ஏப்ரல் 22ல் இறந்தார், 23 அவரை அடக்கம் செய்த நாள். ஆக இருவருக்கும் நடுவே 11 நாள். யுனெஸ்கோ ஏப்ரல் 23ஐ அறிவித்தது 1995ல். இலக்கியத்தின் மீதுள்ள அன்பால் தேர்ந்த குறியீட்டு நாள் அது, அப்படியே கொண்டாடலாம்.

'கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்' என்பதும் இதே வகைக் கலப்படம். கலிலியோ மறைந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25. இருவரையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

கேள்வி: சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது 1746 செப்டம்பர் 10 என்று ஒரு நூலில், செப்டம்பர் 21 என்று இன்னொரு நூலில். எது சரி? இத்தகைய தேதிகளை எப்படி மாற்றுவது?
- ஆய்வு மாணவர், புதுச்சேரி

பதில்: இரண்டும் சரி, இரண்டும் ஒரே புதன்கிழமை. 10 ஆங்கிலேயர் எழுதியது, 21 பிரெஞ்சுக்காரர் எழுதியது. நாட்காட்டி மாறினாலும் கிழமை மாறாது. சந்தேகம் வந்தால் முதலில் கிழமையைப் பிடியுங்கள்.

மாற்றும் விதி: பழைய ஜூலியன் தேதியோடு நாள் கூட்ட வேண்டும். 1582 அக்டோபர் முதல் 1700 பிப்ரவரி முடிய 10 நாள், அங்கிருந்து 1800 பிப்ரவரி முடிய 11, பிறகு 1900 பிப்ரவரி முடிய 12, அதன்பின் 13. 1600 நெட்டாண்டு (லீப் ஆண்டு) என்பதால் அங்கே எண் மாறவில்லை. பலர் இதில்தான் ஒரு நாள் பிசகுகிறார்கள்.

அடுத்து, எழுதியவர் யார் என்று பாருங்கள். சோழமண்டலக் கரையில் இது பெரிய விஷயம், ஏனென்றால் சில காத தூரத்துக்குள் வேறு வேறு நாட்காட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக் கம்பெனியும் புதிய கணக்கு. டென்மார்க் மாறியது 1700ல், எனவே டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் மதபோதகர் சீகன்பால்கு வந்திறங்கிய 1706 ஜூலை 9 புதிய கணக்கு. அன்றைக்கே சென்னைக் கோட்டையில் ஜூன் 28 என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலேயர் மாறியது 1752ல். செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழன். பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் தமிழ்த் தேதியோடு வரும் ஐரோப்பியத் தேதி புதுச்சேரியில் வழங்கிய தேதி. அதைக் கோட்டை ஆவணத்தோடு ஒப்பிடும்போது 11 நாளை மறந்தால், கப்பல் வருமுன்பே அது வந்த சேதி வந்ததாக ஆகிவிடும்.

மூன்றாவது பொறி ஆண்டு. 1752க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள ஆவணங்கள் முந்தைய ஆண்டின் எண்ணைத் தாங்கியிருக்கும். முன்பு சொன்ன சார்லஸ் மன்னரின் மரணம் அன்றைய ஆங்கில ஆவணங்களில் 1648 ஜனவரி 30. கவனமான எழுத்தர்கள் 1648/49 என்று இரண்டையும் எழுதினார்கள். சாய்கோடு கண்டால் பின்னெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். 'ஸ்ரீமுக' என்று மட்டும் இருந்தால் 1813-14, 1873-74, 1933-34 மூன்றும் பொருந்தும். கூடவே கிழமை, திதி, நட்சத்திரம் இருந்தால் மூன்றில் ஒன்று மட்டும் நிற்கும்.

கேள்வி: பேர்ல் துறைமுகத் தாக்குதல் டிசம்பர் 7, மலாயாவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8. அப்படியானால் ஹவாய்தானே முதலில்?
- வாசகர், ஈப்போ, மலேசியா

பதில்: மலாயாதான் முதலில். 1941 டிசம்பர் 8, நள்ளிரவு 12.30 வாக்கில் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கத் தொடங்கியது. ஹவாயில் முதல் குண்டு விழுந்தது டிசம்பர் 7 காலை 7.48. கிரீனிச் நேரத்துக்குக் கொண்டுவந்தால் கோத்தா பாரு 7ஆம் தேதி மாலை 5 மணி, பேர்ல் துறைமுகம் 6.18. நடுவே சர்வதேசத் தேதிக்கோடு கிடப்பதால் பின்னால் நடந்ததற்கு முந்தைய தேதி.

நிலவில் மனிதன் இறங்கிய தேதியும் இப்படித்தான். உலகம் ஜூலை 20 என்கிறது. நம் கடிகாரத்தில் ஈகிள் இறங்கியது 1969 ஜூலை 21 அதிகாலை 1.47, ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தது காலை 8.26.

கேள்வி: பள்ளியில் தினமும் 'வரலாற்றில் இன்று' பலகை எழுதுகிறோம். இணையத்தில் எடுப்பதில் பிழைகள் வருகின்றன. பிழையில்லாமல் எழுத வழி சொல்லுங்கள்.
- ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: நிகழ்வுக்கு ஒரு அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் எழுத வேண்டியது தேதி அல்ல, வினைச்சொல். என்ன நடந்தது: பிறந்தாரா, ஞானஸ்நானம் பெற்றாரா, இறந்தாரா, அடக்கம் செய்யப்பட்டாரா? சட்டம் ஏற்கப்பட்டதா, நடைமுறைக்கு வந்ததா? பலகைப் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான். அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26, நடைமுறை 1950 ஜனவரி 26. புதுச்சேரி ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அமெரிக்கக் காங்கிரஸ் விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2, பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

அடுத்த வரியில் ஊரும் அவ்வூர் நேரமும். இரவு நிகழ்வானால் இரண்டு தேதியும் எழுதுங்கள்: போபால் 1984 டிசம்பர் 2-3, யாழ்ப்பாணம் நூலகம் 1981 மே 31 - ஜூன் 1. லிங்கன் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14 இரவு, இறந்தது 15 காலை. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40, மூழ்கியது 15 அதிகாலை 2.20. இரண்டையும் 'ஏப்ரல் 15' என்று மட்டும் எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

பிறகு எந்த நாட்காட்டி என்ற குறிப்பு. ரஷ்யாவானால் 1918 பிப்ரவரிக்கு முந்தைய தேதிகளில் கூடுதல் கவனம். 'அக்டோபர்' புரட்சி நடந்தது பழைய கணக்கில் அக்டோபர் 25, புதியதில் நவம்பர் 7.

கடைசியாகக் கிழமைச் சோதனை. மாணவர்களே செய்யலாம். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அதன் கால்பங்கு (மீதியை விடுக), தேதி, மாத எண் ஆகியவற்றைக் கூட்டி 7ஆல் வகுக்க வேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை மாத எண்கள்: 1, 4, 4, 0, 2, 5, 0, 3, 6, 1, 4, 6. நெட்டாண்டில் ஜனவரிக்கு 0, பிப்ரவரிக்கு 3. இது 1900களுக்கு. 1800களானால் 2, 1700களானால் 4 கூட்டவும், 2000களானால் 1 கழிக்கவும். மீதி 1 ஞாயிறு, 2 திங்கள், இப்படியே 6 வெள்ளி, 0 சனி. 1947 ஆகஸ்ட் 15: 47 + 11 + 15 + 3 = 76, மீதி 6, வெள்ளி. பழைய நாட்காட்டித் தேதியை நேரடியாக இதில் போடாதீர்கள், முதலில் புதியதாக மாற்றுங்கள்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. 2022ல் விடுதலையின் 75 ஆண்டு நிறைவு, ஆனால் அது 76ஆவது சுதந்திர தினம், 1947ன் அந்த நாளையே முதலாவதாக எண்ணுவதால். 'ஆண்டு நிறைவு' என்று எழுதினால் கழித்து வந்த எண், 'ஆவது தினம்' என்று எழுதினால் ஒன்று கூட்டி.

கேள்வி: ஆகஸ்ட் 15 கொரியாவுக்கும் விடுதலை நாளாமே?
- வாசகர், ஓசூர்

பதில்: ஜப்பான் பேரரசர் சரணடைவை வானொலியில் அறிவித்த 1945 ஆகஸ்ட் 15தான் கொரியாவின் விடுதலை நாள். அந்தச் சரணடைவின் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால்தான் இந்திய விடுதலைக்கு அந்தத் தேதியைச் சொன்னதாக மவுண்ட்பேட்டன் பின்னாளில் கூறினார். ஆகவே இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

கேள்வி: அமெரிக்க அதிபர்கள் ஜான் ஆடம்ஸ், ஜெபர்சன் இருவரும் விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளிலேயே இறந்தது எப்படி?
- வாசகி, சேலம்

பதில்: 1826 ஜூலை 4. ஐந்து ஆண்டு கழித்து 1831ல் மன்றோவும் அதே தேதியில். முதல் ஐந்து அதிபர்களில் மூவர். ஜெபர்சன் கடைசி நாட்களில் "இன்று நான்காம் தேதியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. மனவலிமை மூச்சை ஒரு நாள் நீட்டியிருக்கலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. நாங்கள் அதை நிறுவப்பட்டதாகச் சொல்லமாட்டோம், நான்காம் அதிபர் மேடிசன் அந்தத் தேதியை எட்டாமல் 1836 ஜூன் 28லேயே இறந்துவிட்டார்.

கேள்வி: பெரியாரும் எம்.ஜி.ஆரும் மறைந்தது ஒரே தேதியா? காமராஜர்?
- வாசகர், ஈரோடு

பதில்: ஆம், டிசம்பர் 24. பெரியார் 1973, எம்.ஜி.ஆர். 1987. மறுநாள் 25 ராஜாஜி மறைந்த நாள் (1972), கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட நாளும் (1968) அதுவே. காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று.

கேள்வி: பிப்ரவரி 29ல் பிறந்த இரண்டு பெரியவர்கள் உண்டா?
- மாணவி, மதுரை

பதில்: மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29. உங்கள் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1904 பிப்ரவரி 29. நூறால் வகுபடும் ஆண்டு, நானூறால் வகுபட்டால்தான் நெட்டாண்டு. 1900 வகுபடாததால் அந்த ஆண்டில் பிப்ரவரி 29 இல்லை. எனவே மொரார்ஜிக்குப் பிறந்த தேதி முதன்முதலாகத் திரும்பி வந்தது அவருடைய எட்டாம் வயதில், சரியாக ருக்மிணி தேவி பிறந்த அன்று. 1977ல் பிரதமரான மொரார்ஜி அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி கேட்டார். ருக்மிணி தேவி மறுத்துவிட்டார்.